லிபரேட்டர் விமானங்களின் மிச்சங்களைத் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரில் பறந்த பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களில் இன்று மிஞ்சியிருப்பவை எவை, எங்கே என்று பல வருடங்களாகத் தேடிப் படித்து வருகிறேன். இதைப் பற்றி யாரிடம் பேசினாலும் ஏறக்குறைய அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, எனக்கு உறுதியாகத் தெரிந்ததைக் கீழே பதிலாகத் தந்திருக்கிறேன்.

லிபரேட்டர்னா என்ன விமானம்? பார்த்தால் எப்படி அடையாளம் தெரியும்?

அமெரிக்காவின் கன்சாலிடேட்டட் நிறுவனம் வடிவமைத்த நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் இது. இறக்கையின் நீளம் முனைக்கு முனை சுமார் 33.5 மீட்டர். எட்டு முதல் பத்து பேர் வரை ஏறிப் பறப்பார்கள். இறக்கை ஒல்லியாக, உடலின் மேல்பகுதியில் பொருந்தியிருக்கும். வாலின் இரு முனையிலும் முட்டை வடிவத்தில் இரண்டு செங்குத்துத் தகடுகள் நிற்கும். குண்டு வைக்கும் அறையின் கதவு வெளியே திறந்து தொங்காது, கடை ஷட்டர் போல உடலின் பக்கவாட்டை ஒட்டி மேலேறும். அந்தக் கதவை ஒருமுறை கவனித்துவிட்டால் பழைய புகைப்படத்தில்கூட ஆளை மாற்றிச் சொல்ல மாட்டீர்கள்.

வெகுதூரம் பறக்கும் என்பதுதான் இதன் பெரிய பலம். அதனால்தான் அட்லாண்டிக்கிலும் வங்கக் கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் இதை நம்பினார்கள்.

பதினெட்டாயிரம் செய்தார்களாமே, அத்தனையும் எங்கே போச்சு?

18,000க்கும் மேல் செய்தது உண்மை. மிச்சிகன் மாநிலத்தில் வில்லோ ரன் என்ற இடத்தில் ஃபோர்டு நிறுவனம் கட்டிய தொழிற்சாலை மட்டுமே 8,600க்கும் மேற்பட்டவற்றுக்குப் பொறுப்பு. உச்சத்தில் ஏறக்குறைய மணிக்கு ஒன்று வெளியே வந்தது. இன்று முழு உருவில் நிற்பவற்றை இரண்டு கை, கொஞ்சம் கால் விரல்களில் எண்ணி முடித்துவிடலாம்.

போரில் விழுந்தவை போக, மீதியை அழித்தது சமாதானம்தான். அரிசோனாவின் கிங்மன் தளத்தில் மட்டும் ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட போர் விமானங்களைக் கொண்டுவந்து நிறுத்தி, வெட்டி, உலையில் போட்டு அலுமினியப் பாளமாக்கினார்கள். வேறு வேலைக்கும் இதை எடுத்துக்கொள்ள முடியவில்லை. டகோட்டா விமானத்தைப் போல ஆளையும் சரக்கையும் சுமந்து பிழைக்க லிபரேட்டரின் உடல் அவ்வளவு தோதானதில்லை. குறுகலானது, எரிபொருளும் நிறையக் குடிக்கும்.

போர் முடிஞ்சதும் இந்தியாவில் இருந்ததையும் உடைச்சுட்டாங்கன்னு படிச்சேன். அப்புறம் எப்படி மிஞ்சிச்சு?

இதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். பிரிட்டிஷ் விமானப்படை பறக்கவிட்ட லிபரேட்டர்கள் அமெரிக்கா கடன்-குத்தகைத் திட்டத்தில் கொடுத்தவை. போர் முடிந்தபின் அவற்றைத் திருப்பித் தர வேண்டும், அல்லது விலை கொடுக்க வேண்டும், அல்லது பயன்படாமல் செய்ய வேண்டும். கான்பூரின் சகேரி தளத்தில் பெரிய எண்ணிக்கையில் நின்றவற்றுக்கு மூன்றாவது வழிதான் வாய்த்தது. உடலில் ஓட்டை போட்டார்கள், கருவிகளை நொறுக்கினார்கள், எஞ்சினில் மணலைக் கொட்டினார்கள்.

1948இல் இந்தியாவுக்குக் கனரகக் குண்டுவீச்சு விமானம் உடனே தேவைப்பட்டது. வாங்கப் பணமும் இல்லை, விற்க ஆளும் இல்லை. இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் தொழிலாளர்கள் சகேரிக்குப் போய், அந்தக் குவியலில் தேறுகிறவற்றைப் பொறுக்கி, ஒன்றின் உறுப்பை இன்னொன்றில் பூட்டி, பெங்களூர் வரை பறந்தால் போதும் என்ற அளவுக்கு ஒட்டுப்போட்டார்கள். அந்த ஒட்டு விமானங்களைப் பெங்களூருக்கு ஓட்டிப் போனவர் நிறுவனத்தின் சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி. பெங்களூரில் முழுமையாகச் சீர்செய்து, நாற்பதுக்கும் மேற்பட்டவற்றை விமானப்படையிடம் ஒப்படைத்தார்கள். 1948 நவம்பரில் கான்பூரில் உருவான 5ஆம் ஸ்குவாட்ரன்தான் (ஸ்குவாட்ரன் என்பது விமானப்படையின் ஒரு பிரிவு) முதலில் பெற்றது. பின்னர் 6ஆம் ஸ்குவாட்ரன் கடல் கண்காணிப்புக்கு இவற்றை ஓட்டியது. 1968 கடைசி வரை இவை சேவையில் இருந்தன.

உலகம் முழுதும் உருக்கி முடித்த விமானம், இங்கே இருபது வருடம் கூடுதலாக உழைத்தது. அருங்காட்சியகத்துக்கென்று யாரும் எடுத்து வைக்கவில்லை. வேலை இருந்தது, அதனால் மிஞ்சியது. உலகின் லிபரேட்டர்களில் கணிசமானவை நம் மெக்கானிக்குகளின் கையால் தப்பியவை என்பதை வெளிநாட்டுக்காரர்கள் நன்றியோடு எழுதுகிறார்கள். நம்மில் பலருக்குத் தெரியவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

இந்தியாவிலிருந்து போனதெல்லாம் இப்ப எங்கே இருக்கு? நாம போய்ப் பார்க்க முடியுமா?

ஒன்று எங்கும் போகவில்லை. டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் எச்.இ. 924 என்ற எண்ணோடு நிற்கிறது. டெல்லி போகிறவர்கள் ஒரு அரைநாள் ஒதுக்குங்கள். அங்கேயே லைசாண்டர் என்ற சின்ன விமானம் ஒன்றும் இருக்கும், அதையும் பாருங்கள். கனடாவுக்கு ஒரு லிபரேட்டரைக் கொடுத்து, பண்டமாற்றாக நாம் வாங்கியது அது. அந்த லிபரேட்டர் 1968இல் கனடா போய், இப்போது ஒட்டாவா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1969இல் ஒன்று அரிசோனாவின் பீமா அருங்காட்சியகத்துக்குப் போனது. 1974இல் ஒன்று பிரிட்டனின் ராயல் விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போனது. இன்னொன்று 1980களில் தனியார் கைக்கு மாறி, அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளை அதைத் திரும்பப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்து 1989இல் வானில் ஏற்றியது. சரக்காகப் பிரித்துக் கட்டி அனுப்பப்பட்டவையும் உண்டு, சொந்த எஞ்சினில் கடல் தாண்டிப் பறந்தே போனவையும் உண்டு. பீமாவுக்கும் பிரிட்டனுக்கும் போனவை பறந்தே போயின.

ஒரே விமானத்துக்கு மூணு நம்பர் சொல்றாங்களே, எது சரி?

மூன்றும் சரி. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அமெரிக்க எண் ஒன்று கிடைக்கும். 44 என்று தொடங்கினால் 1944 நிதியாண்டுக் கொள்முதல் என்று பொருள். பிரிட்டிஷ் கைக்கு வந்ததும் இரண்டு எழுத்தும் மூன்று இலக்கமும் கொண்ட எண். நம் விமானப்படையில் எச்.இ. என்று தொடங்கும் எண். முந்தைய பதிலில் சொன்ன பிரிட்டன் விமானம் அங்கே கே.என். 751, இங்கே எச்.இ. 807. அது 1945இல் கோகோஸ் தீவிலிருந்து 99ஆம் ஸ்குவாட்ரனுக்காகப் பறந்தது.

தேடும்போது எந்த நாட்டு ஆவணத்தைப் புரட்டுகிறீர்களோ அந்த நாட்டு எண்ணைக் கையில் வைத்திருங்கள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தேடி, 'பதிவே இல்லை' என்று பாதியில் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொரு எச்சரிக்கை: சகேரியில் ஒன்றின் உறுப்பை இன்னொன்றில் பூட்டினார்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா? அதனால் உடலில் ஒரு எண்ணும், கழற்றிப் பார்த்தால் உள்ளே வேறு எண்ணும் கிடைக்கலாம். அது பொய்யும் அல்ல, மோசடியும் அல்ல.

எங்க தாத்தா வீட்டுப் பரணில் ஒரு அலுமினியத் தகடு இருக்கு. போர் விமானத்தோடதுன்னு சொல்றாங்க. எப்படி உறுதி செய்யறது?

முதலில் தேய்த்துக் கழுவாதீர்கள். புளி, சாம்பல், பாத்திரம் துலக்கும் கம்பி எதுவும் வேண்டாம். நமக்கு வேண்டிய செய்தி அந்த அழுக்குக்கு அடியில் பெயிண்டாகவோ ரப்பர் முத்திரையாகவோ இருக்கும். ஈரத் துணியால் மெல்ல ஒற்றி எடுத்தால் போதும். உட்பக்கத்தில் மஞ்சள் கலந்த பச்சைப் பூச்சு தெரிந்தால் அது துருத்தடுப்புக்காக அமெரிக்க விமானங்களில் பரவலாகப் பூசிய ஜிங்க் குரோமேட். ரிவெட் வரிசை சீராக, நெருக்கமாக ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது உறுப்பு எண். கன்சாலிடேட்டட் நிறுவனத்துக்கு லிபரேட்டர் 32ஆம் வடிவமைப்பு. ஆகவே அதன் உறுப்பு எண்கள் பெரும்பாலும் 32 என்று தொடங்கும். அதே நிறுவனத்தின் கடல் விமானமான கேட்டலினாவுக்கு 28. எண்ணின் பக்கத்தில் சின்ன வட்டத்துக்குள் எழுத்தும் இலக்கமும் இருந்தால் அது பரிசோதகர் முத்திரை. வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்து மொபைலில் படம் எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகூட எழும்பி வரும்.

எண் எந்த வகை விமானம் என்று மட்டுமே சொல்லும். எந்தத் தனி விமானம் என்று அந்தத் துண்டு சொல்லாது. தகடு எங்கே கிடைத்தது என்பதுதான் அதைச் சொல்ல வேண்டும்.

பதினாலு சிலிண்டர் எஞ்சின் ஒண்ணு கிடைச்சிருக்கு. லிபரேட்டர்தானே?

அவசரப்பட வேண்டாம். லிபரேட்டரில் இருந்தது பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் ஆர்-1830 எஞ்சின், இரண்டு வரிசையில் பதினான்கு சிலிண்டர். அதே எஞ்சின் டகோட்டாவிலும் கேட்டலினாவிலும் இருந்தது. டகோட்டா நம் பக்கத்தில் லிபரேட்டரைவிட மிக அதிகமாகப் பறந்த விமானம். எனவே தனி எஞ்சின் கிடைத்தால் அது டகோட்டாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பக்கத்தில் டர்போ இருந்ததா என்று தேடுங்கள். வெளியேறும் புகையால் சுழலும் கனமான சக்கரம், லிபரேட்டரில் ஒவ்வொரு எஞ்சின் கூட்டின் அடியிலும் ஒன்று இருக்கும். டகோட்டாவில் அது கிடையாது. பதினான்கு சிலிண்டரும் டர்போவும் சேர்ந்து கிடைத்தால் லிபரேட்டர் குடும்பம் என்று ஓரளவு துணியலாம்.

குடும்பம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அசாமிலிருந்து இமயமலை தாண்டிச் சீனாவுக்குச் சரக்கும் எரிபொருளும் கொண்டுபோன சி-87, சி-109 ஆகியவையும் லிபரேட்டர் உடம்பிலிருந்து பிறந்தவைதான். வடகிழக்கில் கிடைக்கும் சிதைவு ஒன்றைக் குண்டுவீச்சு விமானம் என்று எழுதுவதற்கு முன்னால் துப்பாக்கிக் கூண்டு, குண்டு மாட்டும் சட்டம் ஏதாவது கண்ணில் பட்டதா என்று கேளுங்கள்.

மெட்ராஸ்லயும் யாழ்ப்பாணத்துலயும் லிபரேட்டர் இருந்ததா? எங்க பாட்டனார் பரங்கிமலையில் வேலை பார்த்ததா சொல்வார்.

பாட்டனார் சொன்னது நம்பத் தகுந்தது. 200ஆம் ஸ்குவாட்ரன் 1944இல் பரங்கிமலைத் தளத்துக்கு வந்து, லிபரேட்டர்களோடு வங்கக் கடலில் நீர்மூழ்கிகளைத் தேடிப் பறந்தது. அடுத்த வருடம் இன்றைய வங்கதேசத்தில் உள்ள ஜெஸ்ஸூருக்கு மாறிவிட்டது. இலங்கையில் 160ஆம் ஸ்குவாட்ரன் சிகிரியா, காங்கேசன்துறை, மின்னேரியா தளங்களிலிருந்து லிபரேட்டர் ஓட்டியது. பதிவுகளில் காங்கேசன்துறை என்று வருவது இன்றைய பலாலி விமான நிலையம்தான்.

அங்கே வேலை பார்த்த உள்ளூர் ஆட்களின் பெயர்கள் ஸ்குவாட்ரன் பதிவேடுகளில் அபூர்வமாகத்தான் வரும். விமானிகள் வந்த தேதி, போன தேதி எல்லாம் இருக்கும். ஓடுபாதைக்கு மண் சுமந்தவர்களும் பெட்ரோல் பீப்பாய் உருட்டியவர்களும் இருக்க மாட்டார்கள். வீட்டில் கூலிச் சீட்டோ, அடையாள வில்லையோ, புகைப்படமோ இருந்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு உலோகத் துண்டைவிட அது அரிது.

ஊர்ல விமானம் விழுந்தது உண்மைன்னு வச்சுக்குவோம். எந்த ஆவணத்தில் தேடணும்?

யாருடைய விமானம் என்பதைப் பொறுத்தது. பிரிட்டிஷ் விமானம் என்றால் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏர் 27 என்ற வரிசையில் ஒவ்வொரு ஸ்குவாட்ரனின் நாட்குறிப்பும் இருக்கிறது. எந்தத் தேதியில் எந்த விமானம் யாரோடு கிளம்பியது, எப்போது திரும்பியது என்று வரும். 'திரும்பவில்லை' என்ற ஒற்றை வரியில் பத்து பேரின் கதை முடிந்திருக்கும். அமெரிக்க விமானம் என்றால் காணாமல்போன விமானக் குழு அறிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு உண்டு. கடைசியாகப் பார்த்த இடம், வானிலை, எஞ்சின் எண்கள், துப்பாக்கி எண்கள்கூட அதில் இருக்கும். கையில் எஞ்சின் தகடு இருப்பவர்களுக்கு அது பொக்கிஷம்.

மூன்றாவது வழி கல்லறைகள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவில் இறந்த தேதியை வைத்துத் தேடலாம். ஒரே தேதியில், ஒரே ஸ்குவாட்ரனைச் சேர்ந்த ஏழெட்டு பேர் நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் பக்கம் பக்கமாகக் கிடந்தால் அது ஒரு விமானத்தின் ஆட்களாக இருக்கலாம். உடல் கிடைக்காதவர்களின் பெயர் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சுவரில் இருக்கும். கல்லறையும் இல்லை, பெயர் கிராஞ்சியில் இருக்கிறது என்றால் அந்த விமானம் கடலிலோ எட்டாத காட்டிலோ போயிருக்கிறது என்று ஊகிக்க இடமுண்டு.

எண்பது வருஷத்துக்கு அப்புறமும் ஏதாவது இருக்குமா என்ன?

இடத்தைப் பொறுத்தது. 1943 ஏப்ரல் 4 அன்று நேப்பிள்ஸ் மீது தாக்குதலுக்குப் போன 'லேடி பி குட்' என்ற லிபரேட்டர், இரவில் தன் தளத்தைத் தாண்டி லிபியப் பாலைவனத்துக்குள் போய்விட்டது. 1958இல் எண்ணெய் தேடிப் போனவர்கள் அதைக் கண்டார்கள். உடல் இரண்டாக உடைந்திருந்தாலும் ரேடியோ வேலை செய்யும் நிலையில் இருந்தது. ஒன்பது பேரும் குதித்துவிட்டிருந்தார்கள். ஒருவர் பாராசூட் சரியாக விரியாமல் அப்போதே இறந்தார். மற்ற எட்டு பேரும் ஏறக்குறைய தண்ணீரே இல்லாமல் நாள்கணக்கில் வடக்கே நடந்து உயிர்விட்டார்கள். தாங்கள் கடலிலிருந்து எவ்வளவு உள்ளே வந்துவிட்டோம் என்பது கடைசிவரை அவர்களுக்குத் தெரியவில்லை. இதை எத்தனை முறை எழுதினாலும் மனது கனக்கிறது.

குளிர்ந்த நன்னீர் ஏரியும் நன்றாகக் காக்கும். 1942 ஏப்ரலில் டிர்பிட்ஸ் என்ற ஜெர்மன் போர்க்கப்பலைத் தாக்கப் போன ஹாலிஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம் ஒன்று நார்வேயில் உறைந்த ஏரி மேல் இறங்கியது. ஆட்கள் தப்பினார்கள். பனி உருகியதும் விமானம் மூழ்கியது. 1973இல் எடுத்தபோது அடையாளம் மாறாமல் இருந்தது. கடல் நீரிலும் மழைக்காட்டிலும் அப்படி எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் 1944 ஜனவரி 25 அன்று சீனாவின் குன்மிங்கிலிருந்து அசாமின் சபுவா நோக்கி வந்து காணாமல்போன 'ஹாட் அஸ் ஹெல்' என்ற லிபரேட்டர், 2006இல் அருணாசலப் பிரதேசத்தின் மலைச் சரிவில் அடையாளம் காணப்பட்டது. அங்கே கிடைத்த எச்சங்கள் அதில் வந்த ஒருவருடையவை என்று உறுதியாகி, 2017இல் அமெரிக்காவில் அவருடைய ஊரில் அடக்கம் நடந்தது.

கண்டுபிடிச்சா எடுத்துட்டு வரலாமா?

வேண்டாம். முதல் காரணம் உயிர். வெடிக்காத குண்டும் துப்பாக்கி ரவையும் வயதானால் சாதுவாகிவிடாது. பார்த்ததும் விலகி, காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். இரண்டாவது, அது ஒருவேளை கல்லறை. மேலே சொன்ன அருணாசலச் சம்பவத்தில் யாராவது ஆர்வக்கோளாறில் கிளறியிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு எழுபது வருடம் கழித்துக் கிடைத்த ஆறுதலும் கிடைத்திருக்காது.

மூன்றாவது சட்டம். பிரிட்டனில் 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, விழுந்த எந்த ராணுவ விமானத்தையும் உரிமமில்லாமல் தொடவே கூடாது. பாப்புவா நியூ கினியின் சதுப்பில் 1942 முதல் கிடந்த 'ஸ்வாம்ப் கோஸ்ட்' என்ற அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானத்தை 2006இல் வெளியே எடுத்தார்கள். அது யாருக்குச் சொந்தம் என்ற தகராறில் துறைமுகத்திலேயே நின்று, 2010இல்தான் அமெரிக்கா போக முடிந்தது. என் கருத்தில், அது கிடந்த நாட்டு மக்களின் கேள்வி நியாயமானதே.

நீங்கள் செய்யக்கூடியது: ஜி.பி.எஸ். குறிப்பு, அளவுகோல் பக்கத்தில் வைத்த படங்கள், எண்கள். உறுப்புகளை அதனதன் இடத்திலேயே விடுங்கள். இடம் போனால், தகடு பற்றிய பதிலில் சொன்னபடி, துண்டு ஊமையாகிவிடும்.

மியூசியத்தில் நிக்கறது அசல்தானா? பாதி வேற விமானத்தோடதாமே?

பல இடங்களில் அப்படித்தான். ஆஸ்திரேலியாவின் வெரிபீயில் உள்ள லிபரேட்டருக்கு உடல் ஒரு விமானத்துடையது, இறக்கை பாப்புவா நியூ கினியில் கிடந்த இன்னொன்றுடையது. இங்கிலாந்தின் எல்விங்டனில் உள்ள ஹாலிஃபாக்ஸின் உடற்பகுதி லூயிஸ் தீவில் கோழிக்கூடாக இருந்தது. இறக்கை ஹேஸ்டிங்ஸ் என்ற வேறு வகை விமானத்துடையது. எனக்கு இதில் குறை இல்லை, எது எங்கிருந்து வந்தது என்று பலகையில் எழுதி வைத்தால் போதும். எழுதாமல் மறைப்பதுதான் தவறு.

ஒண்ணுகூட மிஞ்சாத குண்டுவீச்சு விமானம் இருக்கா?

இருக்கிறது. பிரிட்டனின் ஷார்ட் ஸ்டெர்லிங். 2,300க்கும் மேல் செய்தார்கள். முழு விமானம் ஒன்றுகூட இல்லை, துண்டுகள் மட்டுமே.

ஆன்லைனில் 'அசல் லிபரேட்டர் பாகம்' விக்கறாங்க. வாங்கலாமா?

எங்கே கிடைத்தது, யார் கையிலிருந்து வந்தது என்ற விவரம் எழுத்தில் இல்லையென்றால் வாங்காதீர்கள். விபத்து நடந்த இடத்திலிருந்து கிள்ளி எடுத்ததாக இருக்கலாம். பணம் கொடுத்தால் அடுத்த இடத்தைக் கிள்ளுவார்கள். போர்க்கால உதிரிக் கிடங்கிலிருந்து வந்த பயன்படாத கருவிகள் வேறு ரகம், அவற்றில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

மிஞ்சியதைப் பறக்க விடறது நல்லதா, நிறுத்தி வைக்கறது நல்லதா?

நேர்மையாகச் சொன்னால் என் மனம் மாறியிருக்கிறது. நான்கு எஞ்சினும் ஒன்றாக உறுமும் சத்தத்தைக் காணொளியில் கேட்டாலே சிலிர்க்கும், பறக்கத்தான் வேண்டும் என்று நினைத்திருந்தேன். 2019 அக்டோபரில் அமெரிக்காவின் பிராட்லி விமான நிலையத்தில் ஒரு பி-17 விழுந்து ஏழு பேர் போனார்கள். 2022 நவம்பரில் டல்லாஸ் கண்காட்சியில் இன்னொரு பி-17 வேறொரு விமானத்தோடு மோதி ஆறு பேர் போனார்கள். உயிர்களோடு இரண்டு விமானங்களும் போயின. பத்துப் பதினைந்துதான் மிச்சம் இருக்கும் லிபரேட்டரில் இனி அந்தச் சூதாட்டம் வேண்டாம் என்பது இப்போது என் கருத்து. எஞ்சினைத் தரையிலேயே ஓட்டிக் காட்டலாம்.

ஊர்ப் பெரியவருக்குத் தொண்ணூறு தாண்டிடுச்சு. தேதி எல்லாம் ஞாபகம் இல்லை. அவர்கிட்ட கேட்டு என்ன பயன்?

தேதியைக் கேட்காதீர்கள். அறுப்பு முடிந்திருந்ததா, வயலில் தண்ணீர் நின்றதா, அது எந்தக் கோயில் கொடைக்கு முன்னால், நிலா இருந்ததா, சத்தம் எந்தத் திசையிலிருந்து வந்தது, புகை கறுப்பா வெள்ளையா, அடுத்த நாள் யார் வந்தார்கள், லாரியில் எதை ஏற்றினார்கள் என்று கேளுங்கள். இவற்றை வைத்து மாதத்தையும் பிறையையும் நெருங்கிவிட்டால், மேலே சொன்ன ஸ்குவாட்ரன் நாட்குறிப்பில் புரட்ட வேண்டிய பக்கங்கள் சிலவாகக் குறைந்துவிடும்.

நீங்களாக 'லிபரேட்டரா?' என்று எடுத்துக் கொடுக்காதீர்கள். அவர் சொல்லும் சொல்லிலேயே பதிவு செய்யுங்கள். 'ரெண்டு வால் இருந்துச்சு' என்று அவராகச் சொன்னால், அந்த ஒரு வரிக்கு நான் பெரிய மதிப்பு கொடுப்பேன். நடக்க முடிந்தால் இடத்துக்கே கூட்டிப் போங்கள். அடுத்த விடுமுறைக்கு என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே போய்விடுங்கள்.